பூச்சிக்குப் பெயர் உண்டு

ட்ரவுட், குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் வாழும் மீன். நீரோட்டத்தை எதிர்த்து ஓரிடத்தில் நின்றபடி, மிதந்து வரும் பூச்சிகளைக் கவ்வித் தின்னும். இந்த மீனைப் பிடிக்க ஐரோப்பாவில் வளர்ந்த ஒரு முறைக்கு ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்று பெயர். இதில் முள்ளில் புழு கோப்பதில்லை. சின்னஞ்சிறு முள்ளின்மேல் பட்டு நூலால் சேவல் இறகு, வாத்து இறகு, முயல் உரோமம் ஆகியவற்றைக் கட்டிப் பொய்ப்பூச்சி ஒன்றைச் செய்கிறார்கள். அதற்கு எடை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆகவே கல்லை எறிவதுபோல எறிய முடியாது. வளைந்து நிமிரும் ஒரு கோலால் கனமான நூலைப் பின்னும் முன்னுமாகக் காற்றில் விசிறி, அந்த நூலின் முனையில் இருக்கும் பூச்சியை உண்மையான பூச்சி இறங்குவதுபோல நீர்மேல் இறக்க வேண்டும்.

தமிழ் வாசகிக்கு ட்ரவுட் என்றதும் நீலகிரியின் அவலாஞ்சி நினைவுக்கு வரலாம். அந்த மீன் நீலகிரிக்குச் சொந்தமானதல்ல. ஆங்கிலேயர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகப் பலமுறை முயன்று தோற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வளர்த்தெடுத்தார்கள். நம் மலைக்கு மீன் வந்தது. அதைச் சுற்றியிருந்த தொழிலின் வரலாறு வரவில்லை. அந்த வரலாறு நடந்தது இங்கிலாந்திலும் வட அமெரிக்காவின் வடகிழக்கு மலைகளிலும்.

இந்த விளையாட்டுக்கு அடிப்படையாக இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கோல், மற்றொன்று பூச்சி. கோலின் வரலாற்றை எடுத்துப் படித்தால் பெயர்கள் வரிசையாக வரும்: ஃபிலிப், லியோனார்ட், பெய்ன், ஹார்டி. எல்லாம் ஆண்கள். பூச்சியின் வரலாற்றிலும் பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் பூச்சிகளின் பெயர்கள். கட்டியவர்களின் பெயர்கள் அல்ல. அதைக் கட்டும் வேலையில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களில் யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை, எதனால் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

நிரூபிக்க முடியாத தாய்

1486இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் ஒரு நூல் அச்சானது. பருந்து வளர்ப்பு, வேட்டை, குலச் சின்னங்கள் ஆகியவை பற்றிய நூல் அது. வேட்டைப் பகுதியின் முடிவில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது: ஜூலியன்ஸ் பார்ன்ஸ். பத்து ஆண்டுகள் கழித்து, 1496இல், விங்கின் டி வொர்ட் என்ற அச்சகர் அதே நூலை வெஸ்ட்மின்ஸ்டரில் மறுபடி அச்சிட்டபோது, தூண்டிலில் மீன் பிடிப்பதைப் பற்றிய ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார். ஆங்கிலத்தில் இந்தக் கலை பற்றி அச்சில் வந்த முதல் எழுத்து அதுதான்.

அந்தப் பகுதி நடைமுறை அறிவு நிறைந்தது. மரக்கொம்பைக் குடைந்து கோல் செய்வது எப்படி, குதிரை மயிரை முறுக்கி நூல் செய்து சாயம் ஏற்றுவது எப்படி, முள்ளை வளைப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறது. கோலை ஊன்றுகோல்போலச் செய்துகொண்டால், நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது என்கிறது. எந்தெந்த மாதத்தில் எந்தெந்தப் பொய்ப்பூச்சி என்று பன்னிரண்டு பூச்சிகளைப் பட்டியலிடுகிறது.

அந்தப் பகுதியில் ஆசிரியரின் பெயர் இல்லை. வேட்டைப் பகுதியில் இருந்த பெண்ணின் பெயரைப் பின்வந்தவர்கள் இதற்கும் ஏற்றினார்கள். ஜூலியானா பெர்னர்ஸ் என்று பெயரைத் திருத்தினார்கள். உயர்குடிப் பெண் என்றார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் அருகிலுள்ள சோப்வெல் கன்னியர் மடத்தின் தலைவி என்றார்கள். அந்த மடத்தின் தலைவியராக நமக்குத் தெரியவரும் பெயர்களில் அவருடைய பெயர் இல்லை. அவரே எழுதியதற்கும், எழுதவில்லை என்பதற்கும் முடிவான சான்று கிடையாது.

இன்றும் ஃப்ளை ஃபிஷிங்கின் தாய் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் ஒரு பக்கம் நடக்க, நடைமுறை வேறு பக்கம் சென்றது. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய ‘தி கம்ப்ளீட் ஆங்க்ளர்’ இந்தக் கலையின் வேதம்போல ஆனது. அதில் வரும் பன்னிரண்டு பூச்சிகள் பழைய நூலின் பட்டியலிலிருந்து வழிவழியாக வந்தவை. பழைய நூலின் பெயரை வால்டன் அங்கே சொல்லவில்லை. அவருடைய நூலில் ஆற்றங்கரையில் நின்று பேசுபவர்களும், கற்பவர்களும், கற்பிப்பவர்களும் ஆண்கள். பெண்கள் வருகிறார்கள்: பாட்டுப் பாடும் பால்காரப் பெண்ணாக, அவளுடைய தாயாக, பிடித்து வந்த மீனைச் சமைத்துக் கொடுக்கும் விடுதிக்காரியாக.

ஒரு மரபு தனக்குப் பழம்பெரும் தாய் ஒருத்தியை வைத்துக்கொள்வது எளிது. அவள் கூலி கேட்கமாட்டாள்; சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பிக்கமாட்டாள். வாழ்கிற, வேலை செய்கிற பெண்ணுக்கு இடம் கொடுப்பதுதான் கடினம். 1884இல் லண்டனில் தொடங்கிய ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பும், 1906இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆங்க்ளர்ஸ் கிளப்பும் ஆண்களுக்கான சங்கங்களாகவே தொடங்கப்பட்டன.

மூங்கில் வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கோல்கள் கனமான மரத்தில் செய்யப்பட்டன. நீளமான மரக்கோலை நாள் முழுவதும் வீசுவதற்குத் தோளில் நல்ல வலு வேண்டும். இதை மாற்றியது மூங்கில்.

மூங்கிலின் வலிமை அதன் மேல்தோலை ஒட்டிய நார்களில் இருக்கிறது. உட்பகுதி பஞ்சுபோல மென்மையானது. எனவே முழு மூங்கிலை அப்படியே பயன்படுத்தாமல், நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு சிம்பையும் முக்கோண வடிவில் இழைத்து, ஆறு சிம்புகளை வலிமையான நார் வெளியே இருக்கும்படி சேர்த்து ஒட்டினார்கள். வெட்டிப் பார்த்தால் அறுகோணமாகத் தெரியும். அடியிலிருந்து நுனிக்குச் செல்லச்செல்ல இந்த அறுகோணம் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மாறினாலும் கோல் வளையும் விதம் மாறிவிடும். அமெரிக்காவில் இதை முதலில் செய்தவர்களில் ஒருவராக பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரைச் சேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி சாமுவேல் ஃபிலிப் குறிப்பிடப்படுகிறார். 1870களில் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் ஊரில் ஹைரம் லியோனார்ட் இதைப் பெருந்தொழிலாக்கினார். சிம்புகளைச் சீவ அவர் உருவாக்கிய இயந்திரத்தைப் பூட்டிய அறையில் வைத்திருந்தார்.

இந்த மூங்கில் எங்கிருந்து வந்தது? முதலில் ‘கல்கத்தா மூங்கில்’. கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதால் அந்தப் பெயர். பிறகு அதைவிட வலிமையான ‘டோங்கின் மூங்கில்’ வந்தது. டோங்கின் என்பது வட வியட்நாமின் பழைய பெயர். ஆனால் இந்த மூங்கில் அங்கே வளர்வதல்ல; தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் சூயி ஆற்றை ஒட்டிய மலைச்சரிவுகளில் வளர்வது. மலையில் வெட்டி, ஆற்றுக்குக் கொண்டுவந்து, மணல்போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, நிமிர்த்தி அனுப்பினார்கள். 1931இல் அமெரிக்கத் தாவரவியலாளர் மெக்ளூர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ‘அமாபிலிஸ்’: அழகியது, அன்புக்குரியது என்று பொருள்.

துறைமுகத்தின் பெயரும், தவறான நாட்டின் பெயரும், ஒரு அறிஞர் வைத்த பெயரும் மூங்கிலில் ஒட்டிக்கொண்டன. வெட்டிச் சுமந்து மணலில் தேய்த்தவர்களின் பெயர் எதுவும் ஒட்டவில்லை. பொருள் எந்த வாசல் வழியாகச் சந்தைக்குள் நுழைகிறதோ, அந்த வாசலின் பெயரே அதற்கு வாய்க்கிறது. பூச்சிகளுக்கும் இதுதான் நடந்தது.

கோலுக்குள்ளும் பெண்களின் வேலை இருந்தது. சிம்புகளை ஒட்டி முடித்தபின், நூல் ஓடும் கம்பி வளையங்களைக் கோலோடு பொருத்தி, மெல்லிய பட்டு நூலால் இடைவெளியின்றிச் சுற்றி, வார்னிஷ் பூச வேண்டும். பல தொழிற்சாலைகளில் பட்டு சுற்றும் வேலை பெண்களுடையது. கோலில் பொறிக்கப்பட்டது முதலாளியின் பெயர். நம் கைத்தறி வீடுகளில் தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்களாக இருக்க, நெசவாளர் என்று ஆணின் பெயர் எழுதப்படுவதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள்

பூச்சி கட்டும் வேலை பெண்களிடம் வந்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நுண்ணிய கைவேலை, வீட்டிலோ சிறிய அறையிலோ செய்யலாம், டஜன் கணக்கில் விற்கலாம். பெண்களின் விரல்கள் இயல்பிலேயே மெல்லியவை, அவர்களுக்குப் பொறுமை அதிகம் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. பீடி சுற்றுவதற்கும் பூக்கட்டுவதற்கும் இங்கே சொல்லப்படும் அதே காரணம். பயிற்சியால் வந்த திறமையை இயல்பு என்று சொல்லிவிட்டால், அதற்குக் கூலி கூட்ட வேண்டியதில்லை. 1872இல் தொடங்கிய இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனத்திலும் பூச்சி கட்டும் பகுதியில் பெண்கள் வேலை செய்தார்கள்.

கையோடு கண்ணும் மூளையும் சேர்ந்த வேலை இது என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் மம்ஃபோர்ட் ஊரைச் சேர்ந்த சாரா மெக்பிரைட் சாட்சி. தந்தையிடம் தொழில் கற்ற அவர், ஆற்றுப் பூச்சிகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, அவை நீருக்குள் புழுவாக இருந்து வெளியேறிச் சிறகு விரிக்கும் பருவங்களைக் கவனித்தார். எந்தப் பூச்சி எப்போது வெளிவரும் என்று தெரிந்தால்தான் எதைப்போலக் கட்டுவது என்று தெரியும். 1876இல் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழில் அவர் இதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அவர் கட்டிய பூச்சிகளுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அமெரிக்க ஆற்றுப் பூச்சிகளை மீன்பிடிப்போடு இணைத்து எழுதிய முன்னோடிகளில் அவர் ஒருவர். ஆனாலும் அந்தத் துறையின் வரலாறு சொல்லப்படும்போது அவருடைய பெயர் ஓரத்தில்தான் வருகிறது.

அதே 1876இல், வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டர் என்ற சிறிய ஊரில், மேரி ஆர்விஸ் என்ற 20 வயதுப் பெண் தன் தந்தையின் நிறுவனத்தில் பூச்சி கட்டும் பகுதியின் பொறுப்பை ஏற்றார். தந்தை சார்லஸ் ஆர்விஸ் 1856இல் தொடங்கிய நிறுவனம் அது. கோலும் ரீலும் பூச்சியும் அஞ்சலில் விற்றார்கள். திருமணத்துக்குப்பின் மேரி ஆர்விஸ் மார்பரி என்று அறியப்பட்டார். அவருடைய மேற்பார்வையில் பெண்கள் ஓர் அறையில் மேசைகளின் முன் அமர்ந்து பூச்சி கட்டினார்கள்.

அஞ்சல் வணிகத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஒரு பெயர். ஒரே பெயரில் ஊருக்கு ஒரு பூச்சி. மெய்னிலிருந்து ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர் மனத்தில் இருப்பது எந்தப் பூச்சி என்று வெர்மான்டில் இருப்பவருக்குத் தெரியாது. ஆர்விஸ் நிறுவனம் நாடெங்குமுள்ள மீன்பிடிப்பவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் பகுதியில் எந்தப் பூச்சிகள் பயன்படுகின்றன, அவற்றின் கதை என்ன என்று கேட்டது. 200 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். அந்தக் கடிதங்களைத் தொகுத்து, ஒப்பிட்டு, ஒவ்வொரு பூச்சிக்கும் வரலாறு எழுதி, 1892இல் மேரி ஒரு பெரிய நூலை வெளியிட்டார்: ‘ஃபேவரிட் ஃப்ளைஸ் அண்ட் தேர் ஹிஸ்டரிஸ்’. 500 பக்கங்களுக்கு மேல், 32 வண்ணப் பக்கங்கள், ஏறக்குறைய 300 பூச்சிகள். அமெரிக்காவில் பொய்ப்பூச்சிகளின் பெயர்கள் நிலைபெற்றது இந்த நூலால்தான். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஆர்விஸ் பூச்சிகள் சட்டமிட்ட பலகைகளில் வைக்கப்பட்டன. அவை இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ இல்லாத ஒரு பெண், சந்தையின் தேவையிலிருந்து தொடங்கி ஒரு கலைக்களஞ்சியத்தைச் செய்துமுடித்தார். வாய்மொழியாகச் சிதறிக் கிடந்த அறிவு ஒழுங்கான ஆவணமானது. இதன் பெருமையைக் குறைக்க எதுவும் இல்லை.

ஆனால் அந்த நூல் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பல பூச்சிகளின் பெயர் ஆண்களின் பெயர்: மீன் வளர்ப்பு நிபுணர் சேத் கிரீன் ஒன்றில், ஸ்காட்லாந்தின் ஒரு பேராசிரியர் இன்னொன்றில். பெண்களின் பெயரும் சில உண்டு. பாடகி ஜென்னி லிண்ட் பெயரில் ஒன்று இருக்கிறது. அது அழகுக்கும் புகழுக்கும் செய்த மரியாதை. ‘ராயல் கோச்மேன்’ என்ற புகழ்பெற்ற பூச்சியை 1878இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஹெய்லி என்ற தொழில்முறைக் கலைஞர் கட்டினார் என்பதும், அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதும் நமக்குத் தெரிவது மேரியின் நூலால்தான். ஆக, கட்டியவரின் பெயரைப் பதிவு செய்யலாம் என்று அவருக்குத் தெரியும். ஓர் ஆணுக்கு அதைச் செய்தார். தன் அறையில், தன் கண்முன், அந்த 300 வகைகளையும் நாள்தோறும் கட்டிய பெண்களின் பெயர்கள் மட்டும் பூச்சிகளின் வரலாற்றில் இடம்பெறவில்லை.

மேரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இதன் நோக்கமல்ல. அவர் காலத்தில் கண்டுபிடிப்பவர் வேறு, செய்பவர் வேறு. புதிதாக ஒன்றை உண்டாக்கினால் பெயர் உண்டு. அதையே பத்தாயிரம் முறை பிழையின்றிச் செய்தால் கூலி மட்டும்தான். இந்தப் பிரிவினையை மேரி உருவாக்கவில்லை, அதற்குள்ளிருந்துதான் எழுதினார். முதலாளியின் மகள் என்பதால் அவருக்குப் பேனா கிடைத்தது. அவரோடு மேசையில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த வேறுபாட்டையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

கோலைக் கையில் எடுத்தவர்கள்

இனி ஆற்றில் இறங்கிய பெண்களைப் பார்க்கலாம். மெய்ன் மாநிலத்தின் ஃபிலிப்ஸ் ஊரில் 1854இல் பிறந்த கார்னீலியா கிராஸ்பி வங்கியில் வேலை பார்த்தவர். உடல்நலம் குன்றியபோது மருத்துவர் திறந்தவெளிக் காற்றைப் பரிந்துரைத்தார். 1886இல் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு மூங்கில் கோலைப் பரிசளித்தார். அதன் எடை ஐந்து அவுன்ஸ். ஏறக்குறைய 140 கிராம். உள்ளூர்ப் பத்திரிகையில் ‘ஃப்ளை ராட்’ என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். அந்தப் புனைபெயரே அவருடைய பெயராக நிலைத்தது. கையிலிருந்த கருவியைப் பெயராக்கிக்கொண்ட பெண் அவர்.

1897இல் மெய்ன் மாநிலம் காட்டு வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. முதல் ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். முதல் உரிமம் கிராஸ்பிக்கு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த விளையாட்டுக் கண்காட்சியில் மரக்குடில் அமைத்து மெய்னின் காடுகளை விளம்பரம் செய்தார். அப்போது அவர் அணிந்திருந்த பாவாடை தரையிலிருந்து சில அங்குலம் உயர்ந்திருந்தது பேச்சானது. நீரில் நிற்கும் பெண்ணுக்குத் தரையைத் தொடும் கம்பளிப் பாவாடை எவ்வளவு ஆபத்தானது என்பது பற்றிப் பேச்சு எழவில்லை. ரயில் நிறுவனம் அவருடைய எழுத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது, பயணிகள் வந்தார்கள், சுற்றுலா வளர்ந்தது. பெண்ணின் புகழைச் சந்தை வரவேற்றது. அவளுடைய உடையின் அளவைத் தீர்மானிக்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

1932இல் நியூயார்க்கில் பெண்கள் தங்களுக்கென்று ‘வுமன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்’ தொடங்கினார்கள். அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் ஃப்ளை ஃபிஷிங் சங்கம். ஜூலியா ஃபேர்சைல்ட் பல்லாண்டுகள் அதன் தலைவராக இருந்தார். உறுப்பினர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பத்துப் பெண்கள். மூடிய கதவின் முன் காத்திருக்காமல் வேறு வீடு கட்டிக்கொண்டது முக்கியமான செயல்தான். ஆனால் பூச்சி கட்டி வாழ்ந்த பெண்ணுக்கு அந்தப் புதிய வீட்டின் முகவரியும் எட்டாத தூரத்தில்தான் இருந்தது.

முடிச்சை அவிழ்த்துக் கற்றது

இருபதாம் நூற்றாண்டில் கட்டியவர்களின் பெயர்கள் மெல்லத் தெரியத் தொடங்கின. காரணம் எளிமையானது: சிலர் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார்கள்.

மெய்னின் அப்பர் டேம் என்ற இடத்தில் வாழ்ந்த கேரி ஸ்டீவன்ஸ் தொப்பி அலங்கரிக்கும் வேலை தெரிந்தவர். இறகை எப்படி வளைத்தால் எப்படி நிற்கும் என்பது அந்த வேலையின் அடிப்படை. கணவர் மீன்பிடிப்பவர்களுக்கு வழிகாட்டி. 1924 ஜூலை 1ஆம் நாள், தான் அப்போதுதான் கட்டிய, சிறுமீனைப்போன்ற ஒரு பொய்யிரையோடு கேரி நீருக்குச் சென்றார். 6 பவுண்ட் 13 அவுன்ஸ், அதாவது மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரவுட் சிக்கியது. ‘ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழின் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. உடனே கேட்டுக் கடிதங்கள் வந்தன. ‘கிரே கோஸ்ட்’ உட்பட அவருடைய வடிவங்கள் புகழ்பெற்றன. முள்ளைப் பிடிக்கும் கருவி எதுவும் இல்லாமல் கையிலேயே வைத்துக் கட்டினார். கட்டும்போது பிறர் பார்ப்பதை விரும்பவில்லை. தொழில் ரகசியம் காப்பது ஆண்களுக்கு வணிகத் திறமை என்றால் பெண்ணுக்கும் அதேதான். லியோனார்டின் பூட்டிய அறையும் கேரியின் மறைத்த விரல்களும் ஒன்றே.

ரகசியம் கதவை மூடும்போது என்ன செய்வது என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் விடை கிடைத்தது. 1920களின் இறுதியில் வால்ட் டெட், வின்னி டெட், ஹாரி டார்பி ஆகிய மூவர் பூச்சி கட்டக் கற்க விரும்பினார்கள். அப்பகுதியின் புகழ்பெற்ற கலைஞர் ரூப் கிராஸ் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய பூச்சிகளையே விலைக்கு வாங்கி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, எதன்மேல் எது வருகிறது என்று குறித்துக்கொண்டு கற்றார்கள். வின்னி டெட் பல பத்தாண்டுகள் கணவரோடு சமமாக அமர்ந்து இந்தத் தொழிலை நடத்தினார். பிறகு மகள் மேரி தொடர்ந்தார். ஹாரியின் மனைவி எல்சி டார்பியும் அதே பகுதியில் பெயர்பெற்றார். பெட்டியின்மேல் குடும்பப் பெயர் இருந்ததால் வாங்கியவர்கள் கட்டியவரை அறிந்தார்கள்.

1950இல் கொரியப் போரை ஒட்டிச் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதித்தது. டோங்கின் மூங்கில் நின்றது. கண்ணாடியிழைக் கோல்கள் வந்தன. மூங்கில் கோல் அன்றாடக் கருவி என்ற நிலையிலிருந்து சேகரிப்பவர்களின் செல்வமாக மாறியது. இன்று பழைய லியோனார்ட் கோல் ஏலத்தில் விற்கப்படுகிறது; அதில் பட்டு சுற்றியவர் யார் என்று ஏலப் பட்டியல் சொல்வதில்லை.

சொல்லித்தரும் சொற்கள்

மூங்கில் காலத்தின் கடைசித் தலைமுறையில் வந்தவர் ஜோன் உல்ஃப். 1926இல் நியூஜெர்சியில் பிறந்தவர். தந்தை கடை வைத்திருந்தவர். தூண்டில் வீசுவதைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார், மகளுக்குச் சொல்லவில்லை. பத்து வயதில் தாயிடம் கேட்டு, தந்தையின் மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு ஜோன் குளத்துக்குப் போனார். வீசியபோது நுனித் துண்டு கழன்று நீருக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாரியால் அதை மீட்டுக்கொடுத்தார். விஷயம் தந்தைக்குத் தெரிந்தது. அதன்பிறகு அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். 1951இல் தூர வீச்சுப் போட்டி ஒன்றில் ஆண்கள் அனைவரையும் வென்றார். 1960இல் 161 அடி வீசினார்.

ஆனால் பரிசுகளைவிட நீடித்தது அவர் பின்னால் செய்த வேலை. 1979இல் கணவர் லீ உல்ஃபோடு சேர்ந்து கேட்ஸ்கில் மலையில் ஒரு பள்ளி தொடங்கினார். அதுவரை வீச்சைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ‘நான் செய்வதைப் பார்த்துச் செய்’ என்பதாகவே இருந்தது. அருகில் நிறுத்திக் காட்ட ஒரு தந்தை, அண்ணன் அல்லது நண்பர் இருப்பவர்களுக்கு அது போதும். அழைக்கப்படாதவர்களுக்கு அது எட்டாது. ஜோன் வீச்சைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒவ்வொரு அசைவுக்கும் பெயர் வைத்தார். தசை வலிமையைவிடக் கோல் வளையும் நேரம் முக்கியம் என்று விளக்கினார். 1987இல் அதை நூலாக எழுதினார். பெயர் வைத்த அசைவை யாரும் கற்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குச் சொல்லலாம்.

நிரூபிக்க முடியாத ஜூலியானாவைவிட இந்த வரிசை நமக்குப் பயன்படும். மெக்பிரைட் பூச்சியைக் கவனித்து எழுதினார். மார்பரி பெயர்களைத் தொகுத்தார். வின்னி டெட் அவிழ்த்துக் குறிப்பெடுத்தார். ஜோன் உல்ஃப் அசைவுக்குச் சொல் தந்தார். நான்கும் எழுத்தோடு தொடர்புள்ள செயல்கள். திறமை அவர்களைவிடக் குறையாத நூற்றுக்கணக்கான பெண்கள் அந்த மேசைகளில் இருந்திருக்கிறார்கள். எழுதப்பட்டவர்களை மட்டுமே நாம் அறிகிறோம்.

ஆகவே பெண்களின் உழைப்பு வரலாற்றை எழுத வரும் மாணவிகள், முதல் பெண் யார், சாதனைப் பெண் யார் என்ற கேள்விகளோடு நின்றுவிட வேண்டாம். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதன் ஒவ்வொரு முடிச்சையும் போட்டவர் யார், அவருக்கு எந்தக் கணக்கில் கூலி, அவருடைய பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கக்கூடும் என்று தேடுங்கள். கூலிப் பதிவேடு, அஞ்சல் விலைப்பட்டியல், பின்புறம் குறிப்பெழுதிய பழைய புகைப்படம் எல்லாம் உதவும். தார் சுற்றியவர்களும், பீடி சுற்றியவர்களும், வலை முடைந்தவர்களும் நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அவர்களுடைய பெயர்.